கல்லைக் கழுவிக் கரையேறியவர்

டீக்கடையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் என் டம்ளர் அவரிடம் போய்விடும். அவருடையது என்னிடம் வந்துவிடும். கடைக்காரர் இரண்டையும் வைத்துவிட்டு முதுகைத் திருப்பும் கணத்தில் இந்த மாற்றம் நடக்கும். ராயபுரத்துக் கரைக்கு இறங்கும் சந்தின் முனையில், நிலக்கரித் தூளும் மீன் எண்ணெய் வாடையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு காற்று வீசும் அந்தக் கடையில், மூன்று வருஷம் நான் அவருடைய டீயைத்தான் குடித்திருக்கிறேன். அதில் விஷம் இருந்திருந்தால் நான் செத்திருப்பேன். அவர் வருத்தப்பட்டிருப்பார். அதையும் சொல்ல வேண்டும்.

"இன்னாண்ணே, கடைக்காரன் ஒன்ன இன்னா பண்ணிடப் போறான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒன்னும் பண்ண மாட்டான். அதான் பேஜாரா கீது. ஒன்னும் பண்ணாதவன் எப்ப பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?"

அவர் கட்டுமரக்காரர். அப்போது நாற்பது வயதிருக்கும். இப்போது எனக்கு அதைவிடக் கூடுதல். அன்றைக்கு எனக்கு இருபத்திரண்டு. கடற்கரைச் சாலையில் நிற்கும் சர்வகலாசாலைக் கட்டடத்தில் நகல் எழுதும் குமாஸ்தா. அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் வீடு மீனவர் குப்பத்தின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்த சந்தில். உப்புக் காய்ச்சிய கலகங்களுக்கு அடுத்த வருஷம் அது. கடற்கரையில் சும்மா நிற்கிறவனை எல்லோரும் சி.ஐ.டி. என்று நினைத்தார்கள். சி.ஐ.டி.யும் எல்லோரையும் ஏதோ ஒன்று என்று நினைத்தான். சந்தேகம் ஒரு பருவக்காற்றாகப் பட்டணத்தின் மேல் அடித்துவிட்டுப் போனது. அவருக்கு மட்டும் அது வருஷம் பூராவும் அடிக்கிற காற்று.

கட்டுமரக்காரர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். தெற்கே மீன் பட்டால் வடக்கே என்பார்கள், சிரித்துக்கொண்டே. கேட்கிறவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அது ஒரு மரியாதை. இவர் சிரிக்க மாட்டார். இவருடைய பொய்க்குக் கையும் காலும் உண்டு. நங்கூரமாகக் கயிற்றில் கட்டி இறக்குகிற கல்லில் கடலடி ஒட்டிக்கொண்டு வரும். கருஞ்சேறா, சிப்பித் தூளா, பாறைப் பாசியா என்று பார்த்தால், அந்த மரம் எந்தத் தண்ணீரில் நின்றது என்பதைக் கரையிலிருப்பவன் பாதி சொல்லிவிடுவான். அதனால் அவர் அலைக்கு அப்பால் மரத்தை நிறுத்திக் கல்லைக் கழுவுவார். தேங்காய் நாரால் தேய்ப்பார். அது எல்லோரும் அறிந்தது. எனக்கு மட்டும் பின்னால் தெரியவந்தது, எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றை ஒரு சிரட்டையில் எடுத்துப்போய், கழுவிய கல்லில் அதை அப்பிக்கொண்டு வருவார் என்பது.

"கண்ணு பாத்தது பாதி, காது கேட்டது காலு, வாயி சொன்னது சைபரு" என்பார். இது அவருடைய வேதம்.

அவர் மனைவி மீன் கூடைக்காரி. கூடையை இறக்காமலே பேசுவாள். "தாலி கட்னப்பவே முடிச்ச மூணு தபா இழுத்துப் பாத்த ஆளு தம்பி இது. தன் நெயலு பின்னால வந்தாகூட நின்னு, நீ போ முன்னாலன்னும்."

"நெயலு இல்லாத நேரத்துல மழ வரும். உஸாரா இருக்கறதுல இன்னா தப்பு?" என்பார் அவர், முகம் மாறாமல்.

அவருடைய தம்பி ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தான். கடிதம் வந்தால் என்னிடம் படிக்கக் கொடுப்பார். நானும் குரலை ஏற்றியிறக்கி, தம்பியே வந்து பேசுகிற மாதிரி படிப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஒருநாள் மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்னை வழிமறித்து, "ஏம்பா, நீ படிச்ச கடுதாசிய எல்லாம் மறுநாள் என்கிட்ட கொண்டாந்து படிக்கச் சொல்றாரே, ஒன் தமிழ் அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே போய்ச் சண்டை போட்டேன்.

"கோச்சிக்காத தம்பி. ஒன்ன சந்தேகப்படல. ரெண்டு பேரும் அச்சா ஒரே மாரிதான் படிச்சீங்க."

"அப்பறம் இன்னா?"

"அதான் இப்ப எனக்குக் கொடையுது. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்களோன்னு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவரை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

பாரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கடலுக்கடியில் பாறை மேடு இருக்கும் இடத்தைப் பாரு என்பார்கள். சுற்றிலும் மணல், வெறும் மணல், தண்ணீருக்குள் ஒரு பாலைவனம். நடுவில் அந்த மேட்டில் மட்டும் மீன் குடியிருக்கும். அவருக்கு அப்படி ஒரு பாரு இருந்தது. அது எங்கே என்று அவருக்கு மட்டும் தெரியும். கடலில் கொடி நட முடியாது. கரையைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடிக்க வேண்டும். கரையில் தெரிகிற இரண்டு பொருள்கள் ஒன்றின் பின் ஒன்றாக நேர்வருகிற கோடு ஒன்று. வேறு திசையில் அதே மாதிரி இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற தண்ணீரில் கல்லை இறக்கினால் அடியில் பாரு. இந்தக் கோடுகளுக்குக் குறி என்று பெயர். அப்பன் சாகும்போது மகன் காதில் சொல்கிற சொத்து அது. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது.

அந்தப் பாருக்குத்தான் வழக்கு வந்தது. கொண்டுவந்தவர் அவர் மனைவியின் அண்ணன், அவருக்கு மச்சான். மச்சான் இரண்டு முறை அவர் மரத்தைப் பின்தொடர்ந்து போய், இரண்டு முறையும் எண்ணூருக்கு எதிரே வெறுந்தண்ணீரில் விடப்பட்டுத் திரும்பிய மனிதர். "அந்தப் பாரு எங்க தாத்தா கண்டது. இவன் அப்பன் எங்க மரத்துல துடுப்பு போட்டுகினு இருந்தவன். குறிய களவாண்டுகினு போய்ட்டான்" என்றார் மச்சான். "என் முப்பாட்டன் கண்டது. நவாபு காலத்துலேர்ந்து எங்களுது" என்றார் இவர்.

குப்பத்துக் கட்டுப்பாடு ஒன்று உண்டு. எந்த வீடு மூன்று தலைமுறையாக ஒரு பாரை வைத்திருக்கிறதோ, அந்த வீட்டுத் தூண்டில்தான் அதில் முதலில் இறங்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஊர்த் தலைவர்களான நாட்டார் கூடி முடிவு சொன்னார்கள். ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை கங்கையம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றுவார்கள். அவர் "என் முப்பாட்டன் கண்டது" என்று சொல்லி உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பாரு அவர் வீட்டுக்கு. மாட்டேன் என்றால் பாரும் குறியும் மச்சானுக்கு. அம்மன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் மரம் கரை திரும்பாது என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாரு போய்விட்டால் அவருக்கு மிஞ்சுவது நாலு பிள்ளைகளும், ஊரே சலித்துப் போட்ட கரையோரத்துத் தண்ணீரும்.

அவருக்குக் கவலையே இல்லை. சத்தியம் செய்யத் தயாராகத்தான் இருந்தார். கெடுத்தது நான்.

டீக்கடையில் ஒருத்தன் என்னிடம் வம்புக்குக் கேட்டான். "இன்னா குமாஸ்தா, ஒங்க ஆபீஸு நவாபு கட்னதாமே? பேயி கீதா உள்ள?"

"நவாபும் இல்ல, பேயும் இல்ல. வெள்ளக்காரன் கட்னது. அம்பது, அம்பத்தஞ்சி வருசந்தான் ஆவுது" என்றேன், அது என் பாட்டன் சொத்து என்கிற தோரணையில்.

அவர் திரும்பினார். "எந்தக் கட்டடம்?"

"அதாண்ணே, பீச்சுல, நாலு மூலைக்கும் குல்லா போட்ட மாரி கோபுரம் வெச்சி, செவப்பா நிக்குதே, அதான்."

அன்று டம்ளர்கள் மாறவில்லை. எனக்காக ஊற்றிய டீயை நானே குடித்தேன். அதன் ருசி அந்நியமாக இருந்தது.

மூன்று நாள் கழித்துச் சந்தில் என் சட்டையைப் பிடித்தார். "தம்பி, ஒங்க ஆபீஸ உள்ள பாக்க வுடுவாங்களா?"

இப்போது சந்தேகம் என் பக்கம் வந்தது. அந்த வாரம் பரீட்சைக் கேள்வித்தாள்கள் அரக்கு முத்திரையோடு ஒரு அறையில் பூட்டிக் கிடந்தன. அந்நிய ஆட்களை அந்தப் பக்கம் அழைத்துவரக் கூடாது என்று எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பாய்மரமும் தூண்டிலும் தவிர வேறொன்றைத் தொட்டறியாத மனிதருக்குச் சர்வகலாசாலையில் என்ன வேலை? யார் அனுப்பினார்கள்? எந்தப் பணக்காரப் பையனின் தகப்பன்? அவரோடு மூன்று வருஷம் பழகியதில் நானும் கொஞ்சம் அவராகிவிட்டிருந்தேன். "எதுக்கு?" என்றேன்.

"சும்மா."

"நீ சும்மா எதுவும் செய்ய மாட்டியே."

"அப்ப வாணாம்" என்று நடந்தார். பத்தடி போய் நின்றார். திரும்பாமலே, "வெள்ளிக்கெழம வருது தம்பி" என்றார். அந்தக் குரலில் எதுவோ அறுந்து தொங்கியது. சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம். இரவல் சட்டை போட்டு வந்தார். அது தோளில் இறுக்கி, வயிற்றில் தொளதொளத்தது. டிராம் ஏறி, ஒரு இடத்தில் மாறி, வாலாஜா ரோட்டில் இறங்கி நடந்தோம். வழிநெடுக அவர் வலப்பக்கமும் இடப்பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு வந்தேன். கூவம் நாறியது. வெயில் உப்பாகக் கரித்தது. தூரத்தில் சிவப்புக் கட்டடம் தன் கோபுரங்களைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவர் நடை குறைந்தது. ஊரில் எல்லோரும் அதைச் சாலையிலிருந்து பார்த்திருக்கிறார்கள். அவர் அதைச் சாலையிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு அப்போது தெரியாது.

உள்ளே காட்டுவதற்கு ஒரு டவாலி சேவகர் இருந்தார். வெள்ளைத் தலைப்பாகை, குறுக்கே சிவப்புப் பட்டை, பித்தளை வில்லை. திருவல்லிக்கேணிக்காரர். அந்தக் கட்டடத்தின் பழங்கதை சொல்வது அவருக்குச் சம்பளத்துக்கு மேற்பட்ட சந்தோஷம். பெரிய மண்டபத்தின் கதவைத் தள்ளியபோது உள்ளிருந்து குளிர்ந்த காற்று எங்கள் மேல் சாய்ந்தது. உயரம், அந்த உயரம் கழுத்தை வலிக்க வைக்கும். சாயக் கண்ணாடிகள் வழியே நீலமும் குங்குமமும் இறங்கித் தரையில் கிடந்தன. பட்டமளிப்பு நாளில் கருப்பு அங்கியில் பையன்கள் காக்கைக் கூட்டமாக உட்கார்ந்திருப்பதை, கவர்னர் துரை வந்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதை, சேவகர் கையை வீசிச் சொல்லிக்கொண்டே போனார்.

இவர் ஒன்றையும் பார்க்கவில்லை. சட்டைமேல் ஒரு துண்டு நீலம் விழுந்தது. தூசியென்று அதைத் தட்டிவிட்டார். ஒரு தூணை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

"இன்னாய்யா தேங்காயா அது?" என்றார் சேவகர்.

"இது எப்ப கட்னாங்க?"

"அதத்தான் சொல்லிகினு வரேன். எங்கப்பன் இங்க சுண்ணாம்பு ஆட்னவன். எங்கம்மா என்ன வவுத்துல வெச்சிகினு இந்தச் சொவத்துக்குச் செங்கல் சொமந்துகிறா. எனக்கு இப்ப அம்பத்தஞ்சி. கணக்கு போட்டுக்கோ."

"ஒங்கப்பன் பொய் சொல்லிருந்தா?"

சேவகர் அப்படியே நின்றுவிட்டார். நான் கட்டுமரக்காரரின் கையைப் பிடித்தேன். பிடித்ததும் சேவகர் வெடித்தார். "யாருய்யா இந்தாளு? எங்கப்பன் கையப் பாத்துகிறியா நீ? சுண்ணாம்புல வெந்து வெந்து ரேகையே இல்லாத கையி. அந்தக் கை பொய் சொல்லுமா?"

இவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "சொல்லாது" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

வெளியே வந்தோம். கேள்வித்தாள் அறை மேற்கே இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போயிற்று. நேரே கடல் இருக்கிற மூலைக்கு நடந்தார். புல்தரையின் ஓரம் வரை போய், கடலுக்கு முதுகைக் காட்டி நின்றார். வலக்கண்ணை மூடினார். கட்டைவிரலை நிமிர்த்திக் கையை நீட்டி, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இருந்த வானத்தை அளந்தார். கண்ணைத் திறந்து, மூடி, இன்னொரு தடவை. உதடு அசைந்தது. "காளைக் கொம்பு" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. இதுதான் அவருடைய குறி. கடலிலிருந்து பார்த்தால் இது சர்வகலாசாலையும் இல்லை, மண்டபமும் இல்லை. தண்ணீர் விளிம்பில் தலையைக் குனிந்து நிற்கிற ஒரு மாடு. அதன் கொம்புகளுக்கு நடுவே, நிலத்துக்குள் வெகுதூரத்தில் பரங்கிமலை வந்து உட்கார வேண்டும்.

"பெரியவரே" என்று சேவகரைக் கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. "இது வர்றதுக்கு முந்தி இந்த எடத்துல இன்னா இருந்திச்சி? ரெண்டு கொம்பு மாரி, கோபுரம் மாரி, எதுனா?"

"மணலு. நவாபோட பீரங்கி வண்டிங்க நிக்கற எடம்னு எங்கப்பன் சொல்லுவான். கொஞ்சம் தள்ளி நவாபு குளிக்கறதுக்கு ஒரு மாளிக. அதுவும் தட்டையான கட்டடம். கொம்பும் இல்ல, வாலும் இல்ல."

அவர் திரும்பினார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"இன்னாத்தண்ணே?"

"டபாய்க்காத."

டிராமில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். பாலம் தாண்டியதும் தானாகச் சொன்னார். "சாவ சொல்லோ எங்கப்பன் காதுல சொன்னான். காளைக் கொம்புக்கு நடுவுல மலைய ஒக்கார வையி, ஒன் முப்பாட்டன் கண்டதுன்னான். கொம்பு மொளச்சே அம்பது வருசந்தான் ஆவுதுன்னா முப்பாட்டன் எத்தப் பாத்தான்?"

"ஒங்கப்பாவே கண்டுபுடிச்சிருப்பாரு. பெருமைக்கு முப்பாட்டன்னு சொல்லிருப்பாரு."

"நான் கண்டேன்னு சொல்றதவிட இன்னாடா பெரும? பொய் சொன்னவன் எத்தயோ மறச்சிகிறான். மச்சான் வூட்டு மரத்துல அவன் ஏழு வருசம் துடுப்பு போட்டுகிறான். அது நெசந்தான்."

"மச்சானோட தாத்தாவும் இதே கொம்பத்தான பாத்திருக்கணும்? அவரு மட்டும் எப்டி பாத்தாரு?"

"அவரு வேற குறி வெச்சிருப்பாரு. எங்கப்பன் பாரத் திருடிகினு, குறிய மாத்திகினான். பழைய குறிய சொன்னா மாட்டிப்பான்ல?" அவர் இதையெல்லாம் அழாமல், கோபமில்லாமல், யாரோ ஒருவனுடைய வலையின் கிழிசலைக் காட்டுகிற மாதிரி சொன்னார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டுத் தீர்த்த பிறகு அவருக்கு மிச்சமிருந்தவர் அப்பா ஒருவர்தான்.

நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அல்லது அன்பில் சொன்னேன், எது என்று இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. "அண்ணே, சத்தியம் பண்ணிட்டு வேலையப் பாரு. இது யாருக்குத் தெரியப் போவுது?"

மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமே."

அடுத்த ஐந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. காலையில் டிராமுக்கு நிற்கும்போது எதிர்ச் சாரியில் அவர் நிற்பார். சாயங்காலம் இறங்கும்போதும் நிற்பார். பேச மாட்டார். நான் மச்சானோடு பேசுகிறேனா என்று பார்க்கிறாரா, என்னை ஏதாவது செய்துவிட இடம் பார்க்கிறாரா? கடலோரத்து மனிதர், கையில் எப்போதும் கயிறு இருக்கும். புதன்கிழமை அவர் மனைவி எங்கள் வாசலில் கூடையை இறக்கினாள். அவள் கூடையை இறக்கி நான் பார்த்தது அன்றுதான்.

"இன்னா தம்பி பண்ணே அந்தாள? சோறு துன்ன மாட்டேங்குது. புள்ளைங்க மூஞ்ச மூஞ்சப் பாத்துகினு ஒக்காந்துகினு கீது."

"நான் ஒன்னும் பண்ணல அண்ணி."

"எங்கண்ணன் ஒரு பக்கம், கட்னவன் ஒரு பக்கம். நான் யாருக்குன்னு வேண்டிப்பேன்? பாரு போச்சின்னா எம்புள்ளைங்க கதி இன்னா? ஒனக்கு எதுனா தெரிஞ்சிருந்தா வாயிலயே வெச்சிக்கோ தம்பி. அம்மன் கேட்டா அது பாத்துக்கும்."

வெள்ளிக்கிழமை ஆபீசுக்கு மட்டம் போட்டேன். கங்கையம்மன் கோயில் வாசலில் குப்பமே நின்றது. வேப்பிலை வாடை, கூழ் வாடை, ஈரத் துணி வாடை. வெயிலில் கற்பூரத்தின் சுடர் தெரியவே இல்லை. அதற்கு மேலே காற்று நடுங்குவதுதான் தெரிந்தது. மச்சான் மார்பில் கைகட்டி நின்றார். இவர் தட்டுக்கு முன்னால் வந்தார். கையை நீட்டினார். கை சுடருக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

"சொல்லுப்பா" என்றார் நாட்டார்.

"எங்கப்பன் சொன்னான். முப்பாட்டன் கண்டதுன்னு. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

"அத்தச் சொல்லி அணை."

"அவன் சொன்னது நெசமான்னு எனக்கு சந்தேகம் கீது." கையை எடுத்துக்கொண்டார். "பாரு எனக்கு வாணாம். மச்சான் எடுத்துக்கட்டும்."

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து தீர்ந்தது. கட்டுப்பாட்டின்படி குறியையும் சொல்ல வேண்டும். சொன்னார். எல்லோருக்கும் கேட்க, உரக்கச் சொன்னார். தெற்கே, பீச்சிலிருக்கும் சிவப்புக் கட்டடத்தின் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே பரங்கிமலை. வடக்கே, மாதா கோயில் கூம்பின் உச்சிக்கு நேர் பின்னால் உப்பளத்து ஒற்றைப் பனை. இரண்டும் சேர்கிற தண்ணீர்.

அப்புறம் பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். சிரிப்பு பரவியது.

"இத்தினி வருசம் கல்லக் கயுவுனவன் வாயத் தொறந்து குறிய சொல்றானாம்டா! நாட்டாரு நம்புறாராம்டா!"

"அந்தத் தண்ணில சேறுதான்யா கீது, எங்கப்பாவுக்கே தெரியும்!"

மச்சான் முகம் கறுத்துவிட்டது. "எல்லார் எதிர்லயும் என்னக் கேனயன் ஆக்குறியாடா? அந்தப் பாரு செத்துப் போச்சி, அதான் என் தலைல கட்றே. பெரிசா வேற ஒன்னு புடிச்சி வெச்சிகிறே."

"இல்ல மச்சான்" என்றார் அவர். "நெசமாத்தான்." அந்தச் சொல் அவர் வாய்க்குப் பழகாமல் வெளியே வந்து விழுந்தது. அவர் கண் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தது. எனக்குத் தெரியும். அந்தப் பெரிய கூட்டத்தில் தெற்கத்திக் குறி உண்மை என்று கண்ணால் கண்டு அறிந்தவன் நான் ஒருவன்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் அவர் ஆள் என்பார்கள் என்று தோன்றியது. இன்னொன்றும் தோன்றியது, அதை ஒளிக்க வேண்டியதில்லை: தெற்கு சரி, வடக்குக் குறியை இவர் மாற்றிச் சொல்லியிருந்தால்? நான் தலையைக் குனிந்து கொண்டேன்.

மூன்று மாதம் யாரும் அந்தத் தண்ணீருக்குப் போகவில்லை. பிறகு ஒருநாள் மச்சான் மட்டும் போய்த் திரும்பினார். "வெறும் சேறு. சொன்னேனா இல்லையா?" என்றார் கரையில். ஊர் தலையாட்டியது. ஆனால் அன்றிலிருந்து மச்சானும் அலைக்கு அப்பால் மரத்தை நிறுத்தித் தன் கல்லைக் கழுவத் தொடங்கினார்.

இவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. கரையோரத்தில் பொடிமீன் பிடித்தார். பிள்ளைகள் மெலிந்தார்கள். மூத்தவன் துறைமுகத்தில் கரி சுமக்கப் போனான். நான் அவரைக் கண்டால் சந்து மாறிப் போனேன். அவரும் டீக்கடைக்கு வருவதை விட்டிருந்தார்.

அடுத்த வருஷம், காற்று திரும்பிய ஒரு காலையில், எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் நீளமாக, பழுப்புப் புள்ளிகளோடு ஒரு களவா மீன். ஓலைக் கயிறு கோத்த செவுள் இன்னும் சிவப்பாக இருந்தது. களவா கரையோரத்து மீன் இல்லை. பாறை இடுக்கில் மட்டும் வாழ்கிற மீன். பாரு இல்லாதவன் கைக்கு அது வராது. பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வலை முடைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தக் குப்பத்தில் யாரும் யாரிடமும் கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டேன். "எங்கண்ணே புடிச்சே?"

ஒளிக்கவில்லை. சந்து முழுக்கக் கேட்கிற குரலில், தெற்கே எதற்கு நேர் எது, வடக்கே எதற்கு நேர் எது, கல் இறங்கக் கையை விரித்து அளந்தால் எத்தனை பாகம் கயிறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் அதுவரை கேட்டிராத வேறு குறிகள், வேறொரு பாரு. வலை முடைந்தவர்கள் தலைகூட நிமிரவில்லை. ஒருவன் மட்டும் மூக்கால் சிரித்தான்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் நம்பவில்லை என்பது அவருக்குத் தெரிந்த கணத்தில் அவருடைய தோள்கள் இறங்கின. மீனை என் கையில் வைத்தார்.

"புளி கொஞ்சம் தூக்கலா ஊத்தச் சொல்லு தம்பி" என்று சொல்லிவிட்டு, யாரையும் திரும்பிப் பார்க்காமல், சந்தின் நடுவே நேராகக் கடலுக்கு நடந்து போனார்.